சார்ட்டைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை

நோய்களையும் சிகிச்சைகளையும் 'கோடு' (code) எனப்படும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடராக வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம். நான் முடித்து அனுப்பிய ஒரு சார்ட், அதாவது ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவு, எங்கள் கோடுகளைச் சரிபார்க்கிற ஆடிட்டரிடமிருந்து திரும்பி வந்தது. மருத்துவர் தன் குறிப்பின் முடிவில் மூன்று நோய்களை எழுதியிருந்தார்: உயர் ரத்த அழுத்தம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், நான்காம் நிலை நாள்பட்ட சிறுநீரக நோய். மூன்றுக்கும் ஆளுக்கொரு கோடு போட்டிருந்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஐ10, சர்க்கரைக்கு இ11.9, சிறுநீரகத்துக்கு என்18.4. மூன்றும் புத்தகத்தில் இருக்கிற கோடுகள்தான். எண் எதுவும் மாறிப் போகவில்லை. இருந்தாலும் முதல் இரண்டும் தவறு என்று குறித்திருந்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "இந்த மூணும் ஒரே ஆளுக்குத்தானே இருக்கு? அப்புறம் ஏன் மூணு பேருக்கு இருக்கிற மாதிரி போட்டிருக்கே?" என்றார். புத்தகத்தின் இண்டெக்ஸில் சர்க்கரை நோய் என்ற தலைப்பைத் திறந்து, அதன் கீழே 'வித்' (with, அதாவது 'உடன்') என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். அந்தச் சொல்லுக்கு அடியில் கிளை கிளையாகப் பல நோய்கள். அவற்றில் சிறுநீரக நோயும் ஒன்று.

விதி இதுதான். 'வித்' என்ற சொல்லின் கீழ் வரும் இரண்டு நோய்களும் ஒருவருக்கு இருந்தால், ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று மருத்துவர் தனியாக எழுத வேண்டியதில்லை. தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்பு இல்லை என்று அவரே எழுதியிருந்தால் மட்டும் விட்டுவிடலாம். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அதே கணக்குத்தான். ஆகவே அந்தச் சார்ட்டுக்குச் சரியான விடை ஐ12.9, இ11.22, என்18.4. நான் போட்டதைப் பார்த்தால் சிக்கல் ஏதும் இல்லாத சர்க்கரை நோயாளி என்று படும். உண்மையில் அவருடைய சிறுநீரகம் பெரும்பகுதி வேலையை நிறுத்திவிட்டிருந்தது.

அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. பயிற்சியில் புத்தகத்தைப் புரட்டக் கற்றுக்கொண்டிருந்தேன், ஒரு மனிதரின் சார்ட்டை முழுதாகப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. மெடிக்கல் கோடிங், மருத்துவமனை அலுவலக நிர்வாகம் இரண்டிலும் முதல் வேலை தேடுபவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி, எத்தனை கோடு மனப்பாடம் பண்ணணும் என்பதுதான். ஒன்றுகூட வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள். நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம் தொகுப்பில் 70,000-க்கும் மேல் கோடுகள் இருக்கின்றன. சிகிச்சைகளுக்கும் பரிசோதனைகளுக்குமான சிபிடி என்ற ஐந்து இலக்கத் தொகுப்பில் இன்னும் பல ஆயிரம். மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கு மூன்றாவதாக ஒரு தொகுப்பு. அதைக் கோடர்கள் ஹிக்பிக்ஸ் என்று சொல்வார்கள். இவற்றை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? தேர்வுக்கே புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம். தினமும் கைபடுகிற இருநூறு, முந்நூறு கோடுகள் ஆறு மாதத்தில் தானாக மனதில் நின்றுவிடும். நிற்கும்போது கொஞ்சம் கவனமாகவும் இருக்க வேண்டும். மனதில் நின்ற கோடு போன வருடத்துக் கோடாக இருக்கலாம்.

வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன செய்தார்கள் என்பதைக் கோடுகளாக மாற்றுகிறோம். அந்தக் கோடுகள் க்ளைமில், அதாவது பணம் கேட்கும் விண்ணப்பத்தில், ஏறி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போகின்றன, அதை வைத்துத்தான் பணம் வரும். நான் சொல்வது அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட். இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் படிப்பது அந்த முறையைத்தான்.

கோடிங்குக்கு வருவதற்கு முன் ஒரு சிறிய கிளினிக்கின் ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்தேன். அதை அப்போது ஒரு படிப்பாக நினைக்கவில்லை. இப்போது யோசித்தால், பயிற்சி வகுப்பில் கற்றதைவிட அந்த மேசையில் கற்றது குறைவில்லை என்று தோன்றுகிறது.

ஒரே பெயரில் இரண்டு பேர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் மாலை, கூட்டம் நிறைய. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவர் எழுந்தார், அந்தப் பெயர் இருந்த கோப்பை எடுத்து உள்ளே அனுப்பிவிட்டேன். கோப்பின் முகப்பில் பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பில் எழுதியிருந்தது. மருத்துவர் அதைப் பற்றிக் கேட்டபோது அவர், "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே" என்றிருக்கிறார். அதனால் தப்பித்தோம். இதுவே தலைகீழாக நடந்து, ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றவரின் கோப்பு போயிருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மூத்த செவிலியர் சொல்லிக்கொடுத்தது எளிய விஷயம். பெயர், பிறந்த தேதி இரண்டையும் கேட்க வேண்டும். அவற்றை நோயாளியே சொல்ல வேண்டும். "நீங்க இன்னார்தானே, இந்தத் தேதிதானே" என்று நாம் சொல்லி ஆமாம் வாங்கக் கூடாது. உடம்பு முடியாமல் வந்தவர், காது சரியாகக் கேட்காதவர், பயந்து போயிருப்பவர் என்று எல்லோரும் நாம் கேட்பதற்கு ஆமாம் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

கோப்பு அடுக்குவதும் அங்கேதான் பழகியது. எங்களிடம் காகிதக் கோப்புகள்தான், கடைசி இலக்கத்தை முதலில் பார்க்கிற முறை. கோப்பு எண் 52-34-17 என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 என்ற பகுதிக்கு முதலில் போக வேண்டும், அதற்குள் 34, கடைசியாக 52. எண் வரிசையிலேயே அடுக்கினால் என்ன என்று நானும் கேட்டேன். அப்படி அடுக்கினால் புதிய கோப்புகள் அனைத்தும் அலமாரியின் ஒரே கோடியில் குவியும். நாள் முழுக்க எல்லோரும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்போம், பழைய பக்கம் காலியாகக் கிடக்கும். கடைசி இரண்டு இலக்கத்தால் பிரித்தால் நூறு பகுதிகளிலும் கோப்புகள் சமமாகப் பரவும். இன்று பல இடங்களில் காகிதமே இல்லை. ஆனாலும் ஒரு எண்ணை அவசரமாகப் பார்க்காமல் இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அங்கே வந்தது. கோடிங்கில் ஏழு எழுத்துக் கோடு ஒன்றைச் சரிபார்க்கும்போது இன்றும் அப்படித்தான் படிக்கிறேன்.

தொலைபேசியும் ஒரு பாடம். யார், எத்தனை மணிக்கு, எந்த எண், என்ன விஷயம் என்று நான்கையும் எழுதி, எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டி உறுதிசெய்த பிறகே வைக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று யாராவது சொன்னால் நாளைக்கு நேரம் கொடுக்கிற வேலையே கிடையாது, அந்த நொடியே செவிலியரிடம் கொடுத்துவிட வேண்டும். எது நம் வேலை, எது நம் வேலை இல்லை என்று தெரிந்துகொள்வது ஃப்ரண்ட் ஆபீஸில் பாதிப் பயிற்சி. டைப்பிங், எக்செல், கடிதம் எழுதுவது இவற்றை யாரும் இரண்டு மாதத்தில் பழகிவிடலாம்.

கோடிங்குக்கு வந்த பிறகுதான் அந்த மேசையின் அருமை தெரிந்தது. அமெரிக்காவில் மருத்துவர்களின் க்ளைமுக்கு சிஎம்எஸ்-1500 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதன் மேல் பாதியில் 1 முதல் 13 வரையிலான கட்டங்கள், நோயாளி, இன்சூரன்ஸ் பற்றிய விவரங்கள். கீழ்ப் பாதியில் 14 முதல் 33 வரை, சிகிச்சை பற்றியவை. நோய்க் கோடுகள் 21-ஆம் கட்டத்தில் வரும், அதிகபட்சம் பன்னிரண்டு. செய்த சிகிச்சைகள் 24-ஆம் கட்டத்தில் ஆறு வரிகள். கோடர் எவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்து 21-ஆம் கட்டத்தை நிரப்பினாலும், மேலே மூன்றாவது கட்டத்தில் பிறந்த தேதி தவறாக இருந்தால் அந்தக் க்ளைம் திரும்பி வந்துவிடும். ஒரே தாளின் மேல் பாதியை ஃப்ரண்ட் ஆபீஸும் கீழ்ப் பாதியைக் கோடரும் நிரப்புகிறார்கள். இரண்டையும் தனித்தனி வேலை என்று நினைத்துப் படிப்பவர்களுக்கு இதை மட்டும் காட்டிவிடுவேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

முதல் சில வாரங்கள் மருத்துவச் சொற்களும் உடற்கூறியலும். பலர் இதை வேகமாகத் தாண்டிவிட்டுக் கோடு போடத் துடிப்பார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் கேள்விப்படாத அறுவைச் சிகிச்சையின் பெயரும் பிடிபடும். எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுத்தது. ஆட்டமி என்றால் வெட்டித் திறந்தது. ஆஸ்டமி என்றால் திறப்பு ஒன்றை உண்டாக்கி வைத்தது. கோலெக்டமி, கோலாட்டமி, கோலாஸ்டமி மூன்றும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாவதில் பெருங்குடலின் ஒரு பகுதியோ முழுதுமோ போய்விட்டது. இரண்டாவதில் குடலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். மூன்றாவதில் அந்த மனிதர் வயிற்றில் ஒரு பையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

நாம் தமிழில் நினைக்கிறவர்கள், அதனால் நமக்கென்று சில வழுக்கல்கள் இருக்கின்றன. இலியம் என்று தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறும். ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, மற்றொன்று இடுப்பு எலும்பு. டிஸ்ஃபேஜியா விழுங்க முடியாமை, டிஸ்ஃபேசியா பேச்சில் வரும் கோளாறு. என் பயிற்சி நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படிப்பட்ட இரட்டையர்களை மட்டும் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கத்தில் தொடங்கிப் பதினான்கு பக்கம் வரை போனது.

உயிரியல் படித்தவர்களுக்குத் தொடக்கம் எளிதாக இருக்கும். வணிகம், இலக்கியம் படித்தவர்களும் நன்றாக வருகிறார்கள், இந்தச் சொல் பாடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும். என் அனுபவத்தில், நீளமான பத்தியைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் கடைசியில் முந்துகிறார்கள்.

அடுத்தது புத்தகத்தை எப்படிப் பார்ப்பது. முதலில் பெயரை அகரவரிசையில் தேடும் இண்டெக்ஸ், பிறகு கோடுகளை வரிசையாகக் குறிப்புகளோடு தரும் டேபுலர். இண்டெக்ஸில் பார்த்த கோடை அப்படியே போட்டுவிடக் கூடாது, டேபுலருக்குப் போய் அங்கே இருக்கும் குறிப்புகளைப் படித்த பிறகே எழுத வேண்டும். இதைப் பயிற்சியாளர்கள் நூறு முறை சொல்வார்கள். நாமும் சரி சரி என்போம். அவசரத்தில் விட்டுவிடுவோம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, இதற்கு முன் இன்னொன்றைப் போடு, இதோடு கூடுதலாக ஒன்றைச் சேர் என்பது போன்ற எச்சரிக்கைகள் எல்லாம் டேபுலரில்தான் இருக்கின்றன.

சிபிடி பக்கம் ஓர் உதாரணம் சொல்கிறேன். கீழே விழுந்த ஒருவருக்கு மூன்று இடத்தில் வெட்டுக்காயம். முன்கையில் 2 செ.மீ., காலில் 3 செ.மீ., கன்னத்தில் 2 செ.மீ. மூன்றுக்கும் சாதாரணத் தையல். புதிதாகப் படிப்பவர் மூன்று காயத்துக்கும் மூன்று கோடு தேடுவார். ஆனால் ஒரே வகைத் தையலாக இருந்து, புத்தகம் ஒரே குழுவில் வைத்திருக்கும் உடல் பகுதிகளாகவும் இருந்தால் நீளங்களைக் கூட்ட வேண்டும். கையும் காலும் ஒரே குழு. 2, 3 கூட்டினால் 5 செ.மீ., அதற்கு 12002. முகம் வேறு குழு, அதனால் கன்னத்துக்கு 12011 தனியாக. இந்தக் கணக்கு வகுப்பில் முதல் தடவை சரியாக வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். வெறும் எண்களாகத் தெரிந்த பக்கம் அன்றைக்கு உடம்பாகத் தெரிந்தது.

எலும்பு முறிவு இன்னொரு நல்ல பாடம். கோடின் ஏழாவது எழுத்து, சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். ஏ என்றால் முதல் முறை வந்தவர் என்று பலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள். ஏ என்பது முறிவுக்கான சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள், இரண்டாவது மருத்துவரிடம் போயிருந்தாலும் ஏ வரலாம். நன்றாகக் கூடி வருகிற கட்டத்தில் டி. கூட நாளானால் ஜி, கூடவே இல்லை என்றால் கே, கோணலாகக் கூடிவிட்டால் பி (P). பின்னாளில் அதனால் வரும் பாதிப்புக்கு எஸ். ஒரு கை எலும்பின் மொத்தக் கதையும் ஓர் எழுத்தில் அடங்கிவிடுகிறது.

பயிற்சியில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விதி ஒன்று உண்டு. வெளிநோயாளிச் சார்ட்டில் மருத்துவர் 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்' என்று எழுதிய நோய்க்குக் கோடு போடக் கூடாது. நெஞ்சு வலியோடு ஒருவர் வருகிறார். மாரடைப்பா என்று பார்க்க வேண்டும் என மருத்துவர் எழுதி, சோதனைக்கு அனுப்புகிறார். அன்றைய சார்ட்டுக்கு நெஞ்சு வலி என்ற ஆர்07.9 மட்டும்தான். அவசரப்பட்டு மாரடைப்பு என்று ஐ21.9 போட்டால், வராத மாரடைப்பு ஒன்று அந்த மனிதரின் பதிவில் ஏறிவிடும். அவருக்கே தெரியாமல் அது அவர் கூடவே வரும். உள்நோயாளியாக இருந்து, வீட்டுக்கு அனுப்பும்போதும் சந்தேகம் தீராமல் இருந்தால் விதி வேறு, அங்கே இருப்பதாகவே வைத்துக் கோடு போட வேண்டும். ஏன் இந்த வேறுபாடு என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். உள்நோயாளிக்கு அந்த நோய் இருப்பதாக வைத்துத்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள், செலவும் அதற்குத்தான் ஆனது என்று பயிற்சியாளர் விளக்கினார். அதற்குப் பிறகு எந்த விதியைப் படித்தாலும் ஏன் என்று கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். காரணம் தெரிந்த விதி மறப்பதே இல்லை.

இந்தக் கோடுகளுக்கு நீண்ட வரலாறு இருப்பதும் எனக்குப் பிடித்த விஷயம். லண்டனில் வாராவாரம் வெளியான இறப்புப் பட்டியல்களை வைத்து, யார் எதனால் இறந்தார்கள் என்று ஜான் கிராண்ட் 1662-இல் ஒரு நூல் எழுதினார். இறப்புக் காரணங்களின் பன்னாட்டு வகைப்பாட்டை ஜாக் பெர்ட்டியோன் 1893-இல் சிகாகோவில் முன்வைத்தார். 1948-இல் ஆறாவது பதிப்பிலிருந்து உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பத்தாவது பதிப்பான ஐசிடி-10-க்கு 1990-இல் ஒப்புதல் கிடைத்தாலும், அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங்கில் அது நடைமுறைக்கு வந்தது 2015 அக்டோபர் 1 அன்றுதான். அதற்கு முன் இருந்த ஒன்பதாவது பதிப்பில் சுமார் 14,000 நோய்க் கோடுகளே இருந்தன. வலதா இடதா, எந்த எலும்பு, எந்தக் கட்டம் என்று கேட்கத் தொடங்கியதும் எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிட்டது. பதினொன்றாவது பதிப்பும் 2022 ஜனவரியில் உலக அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே இந்தத் துறையில் படிப்பு முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நோய்க் கோடுகள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்றும், சிபிடி ஜனவரி 1 அன்றும் மாறும். பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் படிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அடிப்படை கற்க அது உதவும், தேர்வுக்கு உதவாது.

தேர்வு பற்றி. கோடர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏஏபிசி என்ற அமைப்பு 1988-இல் தொடங்கியது, அதன் சிபிசி தேர்வைத்தான் அதிகம் பேர் எழுதுகிறார்கள். 1928-இல் தொடங்கிய அஹிமா என்ற இன்னோர் அமைப்பின் சிசிஏ தேர்வும் தொடக்க நிலைக்கானதுதான். சிபிசியில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. புத்தகம் கையில் இருந்தும் பலர் தோற்பது இதனால்தான். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் விதிகள் இருக்கும் பக்கங்களுக்கு வண்ண ஒட்டுத்தாள் ஒட்டி, அடிக்கடி தவறு செய்த இடங்களில் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். நிறையப் பேர் புத்தகம் முழுக்க ஒட்டுத்தாளாக ஒட்டிவிடுகிறார்கள், அப்புறம் ஒட்டுத்தாளிலேயே தேட வேண்டியதாகிவிடும். தேர்ச்சி பெற்றாலும் அனுபவம் இல்லாதவர்களுக்குச் சிபிசி பட்டத்தின் பின்னால் ஏ என்ற எழுத்து இருக்கும். பயிற்சி நிலையில் இருப்பவர் என்று அதற்குப் பொருள். இரண்டு ஆண்டு வேலை செய்ததற்குச் சான்று காட்டினால் அது நீங்கும். அந்த எழுத்தைப் பார்த்து வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்த இடத்தில் படிப்பது என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்கச் சொல்கிறேன்: முழுச் சார்ட்டாக எத்தனை கொடுப்பீர்கள்? ஒற்றை வரிக் கேள்விகளைப் போட்டுப் போட்டுப் பயிற்சி கொடுக்கிற இடங்கள் அதிகம். 'வலது கை எலும்பு முறிவு, கோடு என்ன' என்று யாரும் வேலையில் கேட்கப் போவதில்லை. ஐந்து பக்கம் இருக்கும். பழைய நோய்கள், அப்பாவுக்கு இருந்த நோய், மருந்துப் பட்டியல், போன மாதத்துக் குறிப்பிலிருந்து அப்படியே நகலான பத்தி என்று எல்லாம் கலந்து வரும். இன்றைக்கு மருத்துவர் எதைப் பார்த்தார், எதற்குச் சிகிச்சை கொடுத்தார் என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. அதனால் பெயர், அடையாளம் நீக்கிய முழுச் சார்ட்டுகளில் பழக்கி, ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறு என்று எழுதித் தருகிற பயிற்சியாளர் கிடைத்தால் அங்கே சேருங்கள். வேலை நூறு சதவீதம் உறுதி என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சேராதீர்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, சான்றிதழ் மட்டும் கையில் வைத்துக்கொண்டு அலைகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்ததில் குறை இல்லை, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்தான் குறை.

முதல் வேலையில் வேகமும் துல்லியமும் சேர்ந்து நெருக்கும். பெரும்பாலான இடங்களில் 95 சதவீதத் துல்லியம் கேட்பார்கள். முதல் இரண்டு மாதம் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் துல்லியத்தைப் பிடித்துக்கொண்டால் வேகம் பின்னாலேயே வந்துவிடும். தலைகீழாக நடந்து நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று, இதைப் பயிற்சியில் ஒருநாள் பாடமாக முடித்துவிடுகிறார்கள். சார்ட் என்பது யாரோ ஒருவரின் வாழ்க்கை. அவர் மனைவிக்கும் சொல்லாத நோய் அதில் இருக்கும். அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் இந்த ரகசியத்துக்கு வேலி போடுகிறது, மீறினால் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், சாப்பிடும் மேசையில் உட்கார்ந்து "இன்னைக்கு ஒரு சார்ட் பார்த்தேன்" என்று தொடங்கும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழக வேண்டும். செய்யாத சிகிச்சைக்கோ, செய்ததைவிடப் பெரிய சிகிச்சைக்கோ கோடு போட்டால் அது மோசடி. எழுதப்படாததைச் செய்ததாகக் காட்டச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் முடியாது என்று சொல்கிற துணிவு, ஃப்ரெஷருக்கும் வேண்டும்.

இயந்திரமே கோடு போட்டுவிடுமாமே, இதைப் படித்துப் பயன் உண்டா என்று இப்போதெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். சார்ட்டைப் படித்துக் கோடுகளைப் பரிந்துரைக்கும் மென்பொருளோடு நானும் வேலை செய்கிறேன். எளிய, திரும்பத் திரும்ப வருகிற சார்ட்டுகள் மெல்ல அதன் பக்கம் போகின்றன. ஃப்ரெஷர்கள் கைபழகுவது அந்தச் சார்ட்டுகளில்தான், அதனால் அவர்களுக்கு இது கஷ்டமான மாற்றம், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது பரிந்துரைத்ததை ஏற்பதா மறுப்பதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு இருந்த புற்றுநோயை மகனுக்குப் போட்டு நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். முழுச் சார்ட்டைப் படித்துப் பழகியவருக்கு அது உடனே கண்ணில் படும். கோடு தேடுவதை மட்டும் கற்றவர் ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

போன மாதம் எங்கள் குழுவில் ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். முன்பு ஒரு பல் மருத்துவமனையில் ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்தவள். இரண்டாவது வாரம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, மணிக்கட்டு முறிவுன்னு எழுதியிருக்கார். எந்தக் கைன்னு எழுதலை. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல வலதுன்னு இருக்கு. ஆனா பரிசோதனைக் குறிப்புல இடது கை வீங்கியிருக்குன்னு இருக்கு."

"நீ என்ன நினைக்கிறே?"

"எக்ஸ்ரேதான் சரியா இருக்கும்னு தோணுது. ஆனா அது நான் நினைக்கிறதுதானேக்கா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே போய் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பினாள். இரண்டு குறிப்புகளையும் தேதியோடு எடுத்து எழுதி, எந்தக் கை என்று தெளிவுபடுத்தும்படி மட்டும் கேட்டிருந்தாள். இதுவா என்று எந்தப் பக்கமும் சாய்த்துக் கேட்கவில்லை. அந்தச் சார்ட் அன்றைய கணக்கில் சேராமல் நிலுவையில் நின்றது, அவள் அடுத்ததைத் திறந்தாள். மறுநாள் மதியம் பதில் வந்தது. இடது கை. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில்தான் தவறு, அதைத் திருத்தச் சொல்லிவிட்டதாக மருத்துவர் எழுதியிருந்தார்.